கணக்கில் எங்கே இடறுகிறது? அறிகுறியைப் பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

என் அண்ணன் மகன் அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தான். ஒருநாள் சாயங்காலம் நான் காய் நறுக்கிக்கொண்டே எண்களைச் சொல்ல, அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். "நூற்றி அஞ்சு" என்றேன். 1005 என்று எழுதினான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "நூறு எழுதிட்டேன் அத்தை, பக்கத்துல அஞ்சும் எழுதிட்டேன்" என்றான். காதில் விழுந்ததைத்தான் பையன் எழுதியிருக்கிறான். முதலில் 100, அதன் பக்கத்தில் 5.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தப்பான விடையைப் பார்த்தவுடன் திருத்துவதில்லை. "எப்படி வந்துச்சு, சொல்லு?" என்று கேட்போம். சரியான விடைக்கும் இதே கேள்விதான். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வியைக் கேட்டவுடனேயே பிள்ளை அழித்துவிட்டு வேறு விடை எழுதும்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வீட்டில் அடிக்கடி பார்க்கும் தப்புகளைக் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையிடம் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு அறிகுறி, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு வாரம் ஒரே விளையாட்டு. தேவைப்படும் சாமான்: ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி நூறு, ரப்பர் பேண்டு, தாயக்கட்டை அல்லது பகடை, பரமபத அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகைகள். பத்திரிகை அட்டை கெட்டியாக இருக்கும், வெட்டினால் அருமையான சீட்டு கிடைக்கும்.

நூற்றி ஐந்தை 1005 என்று எழுதுகிறது. தொண்ணூறு என்றால் 900 என்கிறது

முதலில் சோதனை. 15, 50, 90, 105, 150, 900, 905 ஆகிய ஏழு எண்களையும் வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எது தப்பாகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

105, 905 மட்டும் தப்பானால் இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. 15-ம் 50-ம் குழம்பினால், ஆங்கிலவழிப் பிள்ளையா என்று பாருங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். அதோடு தர்ட்டீன் என்னும்போது மூன்று முதலில் கேட்பதால் 31 என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. தமிழில் பதிமூன்று என்றால் பத்து முதலில், மூன்று அப்புறம். எழுதும் வரிசையிலேயே சொல்கிறோம். ஆங்கிலவழியில் படித்தாலும் அந்த எண்களைக் கொஞ்ச நாள் தமிழிலும் சொல்லிப் பழக்குங்கள்.

90-ம் 900-ம் மட்டும் தப்பானால், பிள்ளையைக் குறை சொல்லவே கூடாது. சிக்கல் நம் எண்ணுப் பெயர்களில் இருக்கிறது. எழுபது, எண்பது எல்லாம் பத்துகள், ஆனால் "பது" என்று முடிகிற ஒன்பது வெறும் ஒன்பதுதான். எழுநூறு, எண்ணூறு எல்லாம் நூறுகள், ஆனால் "நூறு" என்று முடிகிற தொண்ணூறு பத்துகளில் சேரும். தொள்ளாயிரத்தில் ஆயிரமே ஒலிக்கிறது, மதிப்போ நூறுகளில். ஒன்பதின் குடும்பம் முழுக்க ஒரு படி மேலே உள்ள சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளை காதை நம்பி எழுதினால் தப்பத்தான் செய்யும்.

தீர்வு இரண்டு. இடமதிப்புக்கு அடுக்குச் சீட்டு. கல்யாணப் பத்திரிகையில் 1 முதல் 9 வரை ஒரு விரல் அகலச் சீட்டு. 10, 20 முதல் 90 வரை இரண்டு விரல் அகலம். 100, 200 முதல் 900 வரை மூன்று விரல் அகலம். நீங்கள் "நூற்றி ஐந்து" என்று சொல்லுங்கள். பிள்ளை 100 சீட்டையும் 5 சீட்டையும் எடுத்து, வலது ஓரம் ஒட்டியிருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். 5 போய்க் கடைசிச் சுழியத்தை மறைக்கும். 105 தெரியும். தூக்கிப் பார்த்தால் அடியில் நூறு பத்திரமாக இருக்கும். முதல்நாள் எங்கள் பையன் ஐந்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான், சுழியம் எங்கும் ஓடிவிடவில்லையே என்று. மூன்றாம் நாள் சீட்டில்லாமல் சிலேட்டில் எழுதினான்.

ஒன்பதின் குடும்பத்துக்கு ஈர்க்குக் கட்டு. பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு கட்டாகத் தரையில் வைத்துக்கொண்டே பத்து, இருபது என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது கட்டில் தொண்ணூறு வரும், பத்தாவதில்தான் நூறு. கை வைத்ததைக் காது மறுக்க முடியாது. அப்புறம் கடை விளையாட்டு: பென்சில் 9, பந்து 90, சைக்கிள் 900 என்று விலை எழுதி ஒட்டி, காகித நோட்டுகளால் வாங்கச் சொல்லுங்கள். பந்துக்கு ஒன்பது நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடும்.

சரியானதா என்று அறிய, வாரம் கழித்து அதே ஏழு எண்களை வரிசை மாற்றிச் சொல்லுங்கள்.

8 + 3 = 10 என்கிறது; எப்போதும் ஒன்று குறைகிறது

விரலை மட்டும் கவனியுங்கள். "எட்டு" என்று சொல்லும்போதே முதல் விரல் மடங்குகிறதா? எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று விரல் முடிந்துவிடும். புறப்படும் இடத்தையே முதல் அடியாக எண்ணுகிறது.

இதைப் பரமபதத்தில் நேரில் பார்க்கலாம். காய் 8-ல் நிற்கிறது, பகடையில் 3 விழுகிறது, பிள்ளை நிற்கிற கட்டத்தையே "ஒன்று" என்று தொட்டு 10-ல் போய் நிறுத்தும். "காய் தாண்டினாத்தான் ஒண்ணு" என்ற ஒரே விதியைச் சொல்லுங்கள். கூடவே, நகர்த்தும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லாமல், கட்டத்தில் உள்ள எண்ணையே "ஒன்பது, பத்து, பதினொன்று" என்று சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். இந்தச் சின்ன மாற்றத்தில்தான் பலன் இருக்கிறது. 2008-ல் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு உளவியலாளர்கள், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் எழுதிய பலகையில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளை விளையாடவிட்டு, சில அமர்வுகளிலேயே எண்ணறிவு கூடுவதைக் காட்டினார்கள். பரமபத அட்டையில் வரிசை வளைந்து வளைந்து ஏறுவதால் சின்னப் பிள்ளை திசை மாறிவிடும். அப்படி ஆனால் தரையில் சாக்பீஸால் 20 கட்டத்தை நேராகப் போட்டு, பிள்ளையையே காயாக நடக்க விடுங்கள்.

எந்தக் கூட்டலுக்கும் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறது

விரலைத் தடுக்காதீர்கள். மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணும் பிள்ளைக்குக் கணக்கோடு பயமும் சேர்ந்துகொள்ளும். 7 + 5-க்கு ஏழையும் முதலிலிருந்து எண்ணுகிறதா, ஏழை மனதில் வைத்து மேலே ஐந்து எண்ணுகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் வகையானால், ஏழு புளியங்கொட்டையைக் கிண்ணத்தால் மூடி, மேலே 7 என்று எழுதி வைத்து, வெளியே ஐந்தை வையுங்கள். மூடியதை எண்ண முடியாது. ஏழு என்று நம்பி மேலே போயாக வேண்டும்.

இரண்டாம் வகையானால் பத்து ஜோடிக்குப் போகலாம். 1 முதல் 9 வரை நான்கு நான்கு சீட்டு, மொத்தம் 36. கவிழ்த்துப் பரப்பி, ஆளுக்கு இரண்டு திருப்ப வேண்டும். கூட்டினால் பத்து வந்தால் ஜோடி அவருக்கு. இரண்டு வாரம் ஆடினால் 8-ஐப் பார்த்தவுடன் 2 நினைவுக்கு வரும். அதன்பிறகு 8 + 5 என்பது 8 + 2, இன்னும் 3 என்று தானாகவே உடையும்.

52 − 38 = 26 என்கிறது

கழித்தலில் இதைவிடப் பரவலான தப்பு இல்லை. என் மகள் மூன்றாம் வகுப்பில் இதைத்தான் பக்கம் பக்கமாகப் போட்டாள். கேட்டேன். "ரெண்டுலேர்ந்து எட்டு போகாதும்மா. அதான் எட்டுலேர்ந்து ரெண்டை எடுத்தேன். அஞ்சுலேர்ந்து மூணு போனா ரெண்டு." கவனக்குறைவு என்று நான் நினைத்தது, அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு விதி. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி" என்று முதல் வகுப்பில் நாமே சொல்லிக் கொடுத்தது அது. இன்னும் நூறு கணக்குப் போடச் சொன்னால் அந்தத் தப்பு விதிதான் உறுதிப்படும்.

"கடன் வாங்கு" என்ற சொல்லும் பிள்ளைக்கு உதவாது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே. என் மகள் ஒருமுறை கடைசியில் திருப்பியும் கொடுத்துவிட்டாள். சில்லறை மாற்றுவது என்று சொல்லுங்கள், விளங்கிவிடும்.

விளையாட்டின் பெயர் "நூறு காலி". ஆளுக்கு ஒரு நூறு ரூபாய்த் தாள், காகிதத்தில் செய்தது போதும். நடுவில் வங்கி: பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய்களும். பகடை இரண்டை உருட்டி, விழுந்ததை வங்கிக்குக் கட்ட வேண்டும். முதல் ஆட்டத்திலேயே 7 விழுந்தால், கையில் நூறுதான் இருக்கிறது. நூறைக் கொடுத்துப் பத்துப் பத்தாக மாற்ற வேண்டும். அப்போதும் ஏழு இல்லை. ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றி, அதிலிருந்து ஏழைக் கட்ட வேண்டும். கையில் 93. யார் முதலில் காலி செய்கிறாரோ அவரே வென்றவர்.

மூன்று நான்கு ஆட்டம் போனபிறகு, தாளில் 52 − 38 எழுதிப் பக்கத்தில் ஐந்து பத்துத்தாளும் இரண்டு ஒன்றும் வையுங்கள். "முப்பத்தெட்டு ரூபா கட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். என் மகள் எட்டு ஒன்றுகளைத் தேடினாள், இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு பத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "சில்லறை குடும்மா" என்றாள். 14 மிஞ்சியது. தாளில் இருந்த 26-ஐ அவளே அடித்துவிட்டாள்.

304 − 178 போல நடுவில் சுழியம் வந்தால் மறுபடி சறுக்கும். பத்துத்தாளே இல்லாதபோது சில்லறை எங்கே மாற்றுவது? நூறை முதலில் பத்துகளாக்கி, அதில் ஒன்றை ஒன்றுகளாக்க வேண்டும். "நூறு காலி"யின் முதல் ஆட்டத்தில் செய்த அதே வேலை. 126 வரும்.

இன்னொரு வழியும் காட்டலாம். பழைய கடைக்காரர்கள் மீதி தரும்போது கழிப்பதே இல்லை. 38-க்கு வாங்கி 52 கொடுத்தால், 38-லிருந்து 40-க்கு இரண்டு, 50-க்குப் பத்து, 52-க்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போவார்கள். சில பிள்ளைகளுக்கு இந்த ஏறுவழிதான் பிடிக்கும். விடையைச் சரிபார்க்கவாவது அது உதவும்.

வாய்ப்பாடு பாட்டாக வருகிறது. ஏழெட்டு எவ்வளவு என்றால் முழிக்கிறது

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு" என்று மூச்சுவிடாமல் சொல்லும். 7 × 8 என்று தனியாகக் கேட்டால் மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கும். பாட்டு மனப்பாடம், எண்கள் தனித்தனியாக ஏறவில்லை. பாட்டை விட்டுவிடாதீர்கள், நல்ல சொத்து அது. நடுவிலிருந்து எடுக்கப் பழக்கினால் போதும்.

பிள்ளையிடம் முதலில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லுங்கள். பத்து வாய்ப்பாடு என்றால் நூறு விடை என்று மலைக்கிறது. 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் பெரும்பாலும் தெரிந்திருக்கும், அவற்றை நீக்குங்கள். 3 × 7-ம் 7 × 3-ம் ஒன்றுதான், அதையும் ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். மிச்சம் 21 விடைதான். அந்த 21-ஐயும் சீட்டில் எழுதி, டக்கென்று வருவதை ஒரு டப்பாவிலும், வராததை இன்னொன்றிலும் போட்டால், பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு சீட்டுதான் வராத டப்பாவில் இருக்கும். நாளுக்கு இரண்டு சீட்டு போதும். 56 = 7 × 8 என்பதை ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக வாசித்துக் காட்டினால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

பெருக்கல் என்றால் என்னவென்றே மங்கலாக இருந்தால் பல்லாங்குழிப் பலகையை எடுங்கள். ஒரு பக்கம் ஏழு குழி, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு. குழிக்கு ஐந்து போட்டால் மொத்தம் 70 (சில ஊர்களில் ஆறு போடுவார்கள், அப்போது 84). ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் "பசு" என்று எடுக்க வேண்டியிருப்பதால், எண்ணாமலே நான்கைக் கண்டுகொள்ளும் பழக்கம் வருகிறது. ஆட்டம் முடிந்து மறுபடி குழிகளை நிரப்பும் நேரம் இன்னும் நல்லது. என் மகளிடம் 37 காய், எனக்கு 33. குழிக்கு ஐந்தாக அவளுக்கு ஏழு குழியும் நிரம்பி இரண்டு மீதி. எனக்கு ஆறு குழி நிரம்பி மூன்று மீதி, ஒரு குழி பட்டினி. மீதியோடு வகுத்தல் என்று பாடப்புத்தகம் சொல்வது முழுதும் இதுதான். இதைச் சொல்லாமல் விளையாட விடுங்கள். வகுப்பில் அந்தப் பாடம் வரும் நாளில் பல்லாங்குழியை நினைவுபடுத்தினால் போதும்.

வாக்கியக் கணக்கில் எண்களைப் பிடுங்கிக் கூட்டிவிடுகிறது

1980-ஐ ஒட்டிப் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். ஆடுகளுக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றவில்லை. கணக்கு என்றால் இருக்கிற எண்களை ஏதாவது செய்து விடை கொண்டுவர வேண்டும் என்றே பழகியிருக்கிறார்கள்.

"'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி" என்று நாம் சொல்லித் தரும் குறுக்குவழியும் இந்த நோயைத்தான் வளர்க்கிறது. "மாலாவிடம் 12 பலூன். இது கவினிடம் உள்ளதைவிட 5 அதிகம். கவினிடம் எத்தனை?" குறுக்குவழிப்படி 17. சரியான விடை 7.

மருந்து: எண்களை மறைத்துவிடுங்கள். "மாலாவிடம் கொஞ்சம் பலூன். கவினைவிட அதிகம். யாரிடம் குறைவு?" என்று கதையை மட்டும் கேளுங்கள். பிள்ளை சொன்னபிறகு எண்ணைத் திறங்கள். அப்புறம் வேடத்தை மாற்றுங்கள்: பிள்ளை கணக்கு உண்டாக்கட்டும், நீங்கள் போடுங்கள். "7 + 5-க்கு ஒரு கதை சொல்லு" என்றால் அபாரமான கதைகள் வரும். நடுவில் கப்பல் தலைவன் மாதிரி ஒரு பொய்க் கணக்கையும் நுழையுங்கள். அதைக் கண்டுபிடித்து "இதுக்கு விடையே இல்ல!" என்று கத்தும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றில் இரண்டை 3/2 என்று எழுதுகிறது. 1/4-ஐவிட 1/8 பெரிது என்கிறது

முதல் தப்பு வாசிப்பில் வருவது. தமிழில் "மூன்றில் இரண்டு" என்று கீழே உள்ளதை முதலில் சொல்கிறோம், எழுதுவதோ மேலிருந்து. கோட்டைப் போட்டு, கீழ் எண்ணை முதலில் எழுதி, அப்புறம் மேல் எண்ணை எழுதப் பழக்கினால் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒத்துப்போகும்.

இரண்டாவது தப்பில், 4-ஐவிட 8 பெரிது என்று தெரிந்ததை அப்படியே பின்னத்துக்கும் போடுகிறது. ஒரு தோசையை நாலாகவும் இன்னொன்றை எட்டாகவும் மடித்து வெட்டி, எந்தத் துண்டு வேண்டும் என்று கேளுங்கள். நம் முன்னோர் கால், அரைக்கால், மாகாணி என்று பெயர் வைத்ததிலேயே விடை இருக்கிறது: காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8, அதிலும் பாதி மாகாணி, 1/16. "அரைக்கால்" என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், எது சின்னது என்று பெயரே சொல்லிவிடும்.

சின்னச் சின்னவை

3-ஐயும் 7-ஐயும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை சகஜம். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத விடுங்கள், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

கடிகாரத்தில் 3:50-ஐ 4:50 என்று சொன்னால், சின்ன முள் நான்கை ஒட்டி நிற்பதுதான் காரணம். பெரிய முள்ளைக் கழற்றிய பழைய கடிகாரத்தில் சின்ன முள்ளை மட்டும் வைத்து "நாலு ஆயிடுச்சா, ஆகப்போகுதா?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

8 + 4 = □ + 5 என்பதில் பெட்டிக்குள் 12 போட்டால், சமக்குறியை "விடை இதோ" என்று படிக்கிறது. துணி மாட்டும் ஹேங்கரின் இரு பக்கமும் பை தொங்கவிட்டு, ஒரே அளவு கோலிகளைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக நிற்க ஏழு வேண்டும் என்று பிடிபடும்.

நோட்டை எடுத்தாலே அழுகிறது

இது இருந்தால் மேலே உள்ள எதையும் தொடங்காதீர்கள். முதலில் ஒரு வாரம் நோட்டு, பென்சில் எதுவும் வேண்டாம். பிள்ளைக்கு நிச்சயம் தெரிந்ததில் தொடங்குங்கள், அது இரண்டு வகுப்பு கீழே இருந்தாலும் சரி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளை கூட்டலில் அரும்பாக இருந்தால், அரும்பிலிருந்துதான் தொடங்க முடியும்.

தாயக்கட்டையை உருட்டி விழுந்ததை மட்டும் சொல்லும் ஆட்டம் ஆடுங்கள். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பதில் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி. இன்னும் ஒரு ஆட்டம் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளைக்கு அதுவே கூப்பிடும். நேரம் வைத்துப் போட்டி போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை வாயால்கூடச் சொல்லாதீர்கள். நீங்கள் அடிக்கடி தப்பு செய்யுங்கள், பிள்ளை திருத்தட்டும்.

எதைச் செய்தும் அசையவில்லை

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கணக்கு, பிள்ளை எழுதிய விடை, எப்படி வந்தது என்று அது சொன்ன வார்த்தை, நாளுக்கு இரண்டு வரி. இரண்டு மூன்று மாதம் விடாமல் விளையாடியும், மூன்றாம் வகுப்பிலும் நான்கு புளியங்கொட்டையை எண்ணாமல் சொல்ல முடியவில்லை, நேற்று வந்தது இன்று அடியோடு மறந்துவிடுகிறது, 6 பெரிதா 9 பெரிதா என்பதற்கே தயங்குகிறது என்றால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் அங்கீகரிக்கிறது. முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவரிடமோ கற்றல் குறைபாட்டைச் சோதிக்கும் உளவியலாளரிடமோ காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். "கணக்கு வரல" என்று சொல்வதைவிட, பிள்ளை சொன்ன வார்த்தைகளைக் காட்டினால் அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று உடனே தெரியும்.